காலிச் சும்மாடு

கிரேனின் கழுத்து ஒரு வியாழக்கிழமை போனது. சிமெண்ட் மூட்டையோடு லாரியிலிருந்து இறக்குப் பலகையில் கால் வைத்தவன் பாதியிலேயே நின்றுவிட்டான். கழுத்துக்குள் யாரோ காய்ந்த சுள்ளியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். தனக்கு மட்டும் கேட்டிருந்தால் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டான். கீழே நின்ற மேஸ்திரிக்கும் கேட்டுத் தொலைத்தது.

"என்னடா சத்தம்?"

"பலகை, மேஸ்திரி."

"பலகை இரும்புடா."

அதற்கு மேல் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. மூட்டையைக் கொண்டுபோய் அடுக்கில் போட்டுவிட்டுத் திரும்பினான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக் கேட்கிறவன் போல நின்றது.

கிரேன் என்பது பட்டப்பெயர். அந்த மலையூருக்கு ஒருமுறை மரம் தூக்க நிஜக் கிரேன் ஒன்று வந்தது. மேட்டில் ஏற முடியாமல் புகை கக்கிவிட்டு வந்த வழியே போய்விட்டது. மரத்தை இவன் முன்னால் தாங்க, நாலு பேர் பின்னால் பிடித்து இறக்கினார்கள். அன்றைக்கு இவனுக்குப் பேர் கிடைத்தது. பின்னால் பிடித்த நாலு பேருக்கும் இடுப்பு வலிதான் கிடைத்தது.

மேஸ்திரி கெட்டவர் இல்லை. நல்லவர் என்றும் யாரும் சொன்னதில்லை. "டாக்டர் வாயால, இவன் தூக்கலாம்னு ஒரு வார்த்தை வரணும். திங்கக்கிழமை காலையில வரலைன்னா உன் இடத்துல உன் மச்சினனைப் போட்டுடறேன். வேலை குடும்பத்தை விட்டு வெளிய போகாது, கவலைப்படாத" என்றார். பெரிய உதவி செய்துவிட்ட திருப்தியோடு வெற்றுக் கோணிகளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

இதைக் கேட்டு மச்சினனுக்குச் சோறு இறங்கவில்லை. அவனும் அதே லாரி நிறுத்தத்தில்தான் இருந்தான். லாரி பின்னால் வரும்போது கையை ஆட்டிக்கொண்டு "வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல ஒடிச்சு வரட்டும், போதும்!" என்று கத்துவது அவன் வேலை. ஊரில் அவன் பேரே வரட்டும்தான். கையை ஆட்டினால் அவ்வளவு பெரிய லாரி நகர்கிறது, நமக்கு ஒரு முடி வலிப்பதில்லை, இதைவிட நல்ல வேலை உலகத்தில் உண்டா என்பது அவன் கட்சி. அவனைப் போய் மூட்டைக்குக் கீழே நிறுத்துகிறார்களாம். அக்கா புருஷனின் கழுத்துக்காக அந்த வாரம் ஊரிலேயே அதிகம் வேண்டிக்கொண்டவன் அவன்தான். பெண்டாட்டிகூட இரண்டாவதுதான்.

டாக்டரின் அறை மரம் அறுக்கும் மில்லுக்கு மேல்மாடி. கீழே ரம்பம் ஓடும்போது மேலே மருந்துப் புட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். டாக்டர் கழுத்தை அமுக்கிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பிறகு சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை அருவி வரைக்கும் நடந்து வா. நல்ல பாதை, குழந்தைங்க போறாங்க, கிழவிங்க போறாங்க. சும்மா டூர் போற மாதிரி ஜாலியா வா. நானும் குடும்பத்தோட அங்கதான் குளிச்சிட்டிருப்பேன். வந்து சேர்ற வரைக்கும் வலிக்கலைன்னா திங்கக்கிழமை வேலைக்குப் போ. வலிச்சதுன்னா மூட்டையை மறந்துடு."

கிரேனுக்கு இடது காதை லாரி ஹாரன்கள் எப்போதோ தின்றுவிட்டன. மிச்சமிருந்த வலது காதில், சரியாக "சும்மா டூ" என்று விழுந்ததும் கீழே ரம்பம் மரத்தைக் கடித்தது. அவன் காதுக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: சும்மாடு, அருவி, வலிக்கக் கூடாது, வலித்தால் மூட்டையை மறந்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் சொன்னான். "சும்மாடு கட்டிக்கிட்டு அருவிக்குப் போய்ட்டு வரணுமாம்."

"சுமைக்குத்தானே சும்மாடு? வெறும் தலைக்கு எதுக்குங்க?"

"மாத்திரைக்குப் பதிலா இருக்கும்."

"படிச்சவர் சொன்னா ஏதாவது இருக்கும்" என்று அவள் விட்டுவிட்டாள். ஆனால் புருஷனை நம்பித் தனியாக அனுப்ப மனசில்லை. வழியில் எதையாவது பார்த்தால் தூக்கிவிடுவான். "டேய், நீயும் கூடப் போ. இவர் எதையும் தூக்காம பாத்துக்க" என்று தம்பியை ஏவினாள். அந்தத் தம்பியைப் பற்றிக் கல்யாணத்தன்றே இரண்டு வீட்டாரும் கிரேனை எச்சரித்திருந்தார்கள். பெண் தங்கம், தம்பி ஆபத்து, இடம் கொடுத்தால் தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவான். இத்தனை வருஷத்தில் அவன் சாப்பாட்டில் ஏறியிருக்கிறான், கட்டிலில் ஏறியிருக்கிறான், கிரேனின் நல்ல சட்டைக்குள் ஏறியிருக்கிறான். தலை மட்டும் பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கிரேன் பழைய துண்டை முறுக்கினான், கையில் வளையமாகச் சுற்றினான், நுனியை உள்ளே செருகித் தலையில் அழுத்தி வைத்தான். மற்றவர்கள் தலை சீவுவதுபோல அவனுக்கு அது.

ஊர் முடிகிற இடத்தில் பாதை தொடங்கியது. "அருவிக்கு எளிய நடை. அனைத்து வயதினருக்கும் ஏற்றது" என்று ஒரு பலகை. அந்த எளிமையெல்லாம் கிரேனின் தலை வழியாகப் போனதுதான். படிக்கட்டின் சிமெண்ட், ஓரத்துக் கைப்பிடிக் குழாய், ஆள் உட்காரப் போட்ட பெஞ்சு, எல்லாவற்றையும் சுமந்து அவன் அங்கே போயிருக்கிறான். திரும்பும்போது விறகு. வெறுந்தலையோடு அந்தப் பாதையில் அவன் கால் வைப்பது இதுதான் முதல் தடவை.

அது முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது.

அவன் கால்கள் முழங்கால் மடக்கிக் குடுகுடுவென்று ஓடிப் பழகியவை. மேலே கனம் இல்லாததால் கால் தரையைத் தேடியது. தரை எதிர்பார்த்த இடத்தில் இல்லை. வலது பக்கம் சாய்ந்தான், குழாயைப் பிடித்தான், இடது பக்கம் போனான். தலை கயிறறுந்த பலூன் மாதிரி மேலே போகப் பார்த்தது. ஒவ்வோர் அடிக்கும் கழுத்தில் சுள்ளி ஒடிந்தது.

எதிரில் வந்த ஒரு குழந்தை, "அம்மா, அந்த மாமா குடிச்சிருக்காரு" என்றது.

"பாக்காத, வா."

"குடிக்கலைங்க. டாக்டர் சொல்லித்தான் இப்படி நடக்குறார்" என்றான் மச்சினன். அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போனாள்.

"மாமா, வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. உங்க மூஞ்சி ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு இருக்கு."

"அது என் மூஞ்சிடா."

பின்னாலிருந்து "ஏம்ப்பா, ஏம்ப்பா, நில்லு!" என்று குரல் வந்தது. பாதையின் நடுவில் இருக்கும் பாலத்தருகே டீக்கடை வைத்திருக்கிற அக்கா. பஸ்ஸில் வந்த சர்க்கரை மூட்டையை இவ்வளவு தூரம் தரையில் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். கிரேனின் தலையைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. அந்த ஊரில் சும்மாடு கட்டிய தலை என்றால் காலியாக இருக்கிற தலை. யாரும் வாயைத் திறந்து கேட்பதில்லை, கொண்டுவந்து வைப்பார்கள்.

"அக்கா, வைக்காதீங்க! அவருக்குக் கழுத்து போச்சு!" மச்சினன் குறுக்கே கை நீட்டினான்.

"அப்படியா, பாவம். சரி, நீ தூக்கு."

மச்சினன் மூட்டையைப் பார்த்தான். மூட்டை அவனைப் பார்த்தது. பாதை மேட்டுப் பக்கம் ஏறிப் போவதையும் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பினான்.

"மாமா, டாக்டர் சும்மாடு கட்டிக்கன்னுதானே சொன்னார்? அதுக்கு மேல ஒண்ணும் வைக்காதன்னு சொன்னாரா?"

கிரேன் யோசித்தான். "அப்படிச் சொன்ன மாதிரி தெரியல."

"ஒருவேளை சொல்லாம விட்டது வைக்கறதுக்காகத்தானோ என்னவோ."

அக்காவும் மச்சினனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினார்கள். மூட்டை சும்மாட்டில் உட்கார்ந்தது. கழுத்துக்குள் 'டக்' என்று ஒன்று இடத்தில் போய் விழுந்தது. சாய்ந்திருந்த தலை நேரானது. இழுத்துக்கொண்டிருந்த மூஞ்சி திரும்பி வந்தது. கிரேன் ஒரு பெருமூச்சு விட்டு, முழங்காலை மடக்கி, குடுகுடுவென்று கிளம்பினான். உல்லாசமாக நடந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மச்சினன் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினான்.

"மாமா, வலிக்குதா?"

"எது?"

கேட்டவனுக்குப் பதில் புரிய டீக்கடை வரை ஆனது.

கடையில் மூட்டையை இறக்கினார்கள். இறக்கிய கையோடு கிரேன் "ஐயோ" என்று இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பலகையில் சரிந்தான். அக்கா ஆளுக்கொரு டீ கொடுத்தாள். கிரேன் ஒரு கையைத் தலையிலிருந்து எடுத்தால்தானே தம்ளரைப் பிடிக்க முடியும்? எடுத்தான், கத்தினான், மறுபடி பிடித்தான். மச்சினன் டீயை அவனுக்கு ஊட்டினான். ஊட்டும்போதே அவன் கண் கடைக்குள்ளிருந்த கேஸ் சிலிண்டர் மேல் போய் நின்றது.

"அக்கா, ஒரு நிமிஷம் அதைக் குடுங்க."

இருவரும் சிலிண்டரை உருட்டி வந்து கிரேனின் தலையில் வைத்தார்கள். கிரேன் நிமிர்ந்து உட்கார்ந்து, டீயைத் தானே வாங்கிக் குடித்தான்.

"நல்ல டீக்கா."

"மாமா!" மச்சினன் தரையில் குத்துக்காலிட்டு அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான். "உங்களுக்குச் சுமையால வலிக்கல. சுமை இல்லாததாலதான் வலிக்குது!"

"போடா பைத்தியக்காரா."

"சிலிண்டரை எடுக்கட்டுமா?"

"எடுக்காத, எடுக்காத!"

"ஆனா நான் டீ போடணுமே, என்ன பண்றது?" என்றாள் அக்கா.

சிலிண்டர் போனது. வலி வந்தது. கிரேன் தலையைப் பிடித்தபடி யோசித்தான். மூட்டை தூக்குகிறவனுக்கு யோசனையும் மெதுவாகத்தான் இறங்கும். வலிக்காமல் வந்து சேர்ந்தால் வேலை. வலித்தால் மூட்டையை மறந்துவிட வேண்டும். மூட்டையை மறந்துவிட்டு வேறு எதை நினைத்துக்கொண்டு இருப்பது என்று டாக்டர் சொல்லவில்லை. கிரேனுக்கு வேறு எதுவும் தெரியாது. திங்கட்கிழமை காலையில் லாரி வரும். தன் இடத்தில் மச்சினன் நிற்பான், முதல் மூட்டையைக் காலில் போட்டுக்கொள்வான், இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்ப்பார்கள்.

"மாப்ள" என்றான். "வலிக்காம போய்ச் சேரணும். ஏதாவது பாரு."

"கனமாவா?"

"கனமா."

பாதையில் அன்றைக்கு நல்ல கூட்டம். எல்லாருடைய முதுகிலும் பை. மச்சினன் ஒருவரை மறித்தான். வெயில் தொப்பியும் கைத்தடியுமாக வந்த பெரியவர்.

"சார், பையைக் குடுங்க. அருவி வரைக்கும் எங்க மாமா தூக்கிட்டு வருவார்."

"எவ்வளவு?"

"சும்மா சார்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மா."

பெரியவர் பையை முன்பக்கம் மாற்றி மார்போடு அணைத்துக்கொண்டார். "காசு கேக்கறவன்கிட்ட பயமில்ல தம்பி. சும்மா வர்றவன்கிட்டதான் பயம்."

ஐந்தாறு பேர் இதே மாதிரி ஒதுங்கிப் போனார்கள். கடைசியில் ஒரு பெண் பிள்ளை மட்டும் சிரித்துக்கொண்டே தன் பையைக் கழற்றிக் கொடுத்தாள். பெரிய பை, ஏழெட்டு வார், பளபளவென்று கொக்கி. கிரேன் ஆசையோடு தலையில் வைத்துக்கொண்டான். உள்ளே ஒரு துவாலையும் இரண்டு சிப்ஸ் பாக்கெட்டும். கழுத்துக்கு அது ஏளனம் செய்த மாதிரி ஆகிவிட்டது. முன்னிலும் மோசமாக ஒரு சுள்ளி ஒடிந்தது.

"இது என்ன சுமை? டப்பா மூடி!" என்று திருப்பிக் கொடுத்தான்.

"பெரிய பை வெச்சிக்கிட்டா நடந்த மாதிரி இருக்கும்னு வாங்கினேன்" என்றாள் அவள்.

வேறு வழியில்லாமல் மச்சினன் ஓடைப் பக்கம் இறங்கி ஒரு பாறாங்கல்லைக் கட்டிப் பிடித்தான். வாழ்நாளில் அவன் தனி ஆளாகத் தூக்கப் பார்த்த முதல் பொருள். அதுவும் நகரவில்லை. அதற்குள் மேலே விசில் ஊதியது. வனக்காவலர்.

"கல்லை விடு! இங்கேயிருந்து கல், இலை, குச்சி, எதுவும் வெளியே போகக் கூடாது!"

"வெளியே போகல சார், உள்ளேதான் போகுது. அருவிக்கு."

காவலர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். இப்படி ஒரு கேள்வி இதுவரை வந்ததில்லை போலிருக்கிறது. "உள்ளேயிருந்து உள்ளேயா… எதுக்கு?"

"மாமா தலையில வெக்க."

காவலர் கிரேனைப் பார்த்தார். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, சாய்ந்தபடி, கண்ணில் நீரோடு நிற்கிற ஆள். தலையில் காலிச் சும்மாடு. காவலரின் முகமும் மலர்ந்தது. அன்றைக்கு அந்தச் சும்மாட்டைப் பார்த்துப் பூத்த இரண்டாவது முகம்.

"அருவிக்கா போறீங்க? ஒரு புது போர்டு கிடக்கு. அங்க நடணும். ரெண்டு ஆளு தூக்கற கனம். வரேன்னு சொன்ன ரெண்டு பேரும் வரல."

புதர் ஓரத்தில் கிடந்தது அது. தடித்த இரும்புத் தகடு, இரண்டு இரும்புக் கால், காலின் அடியில் சிமெண்டுக் கட்டிகள். கிரேன் அதைப் பார்த்த பார்வையைப் பெண்டாட்டி பார்த்திருந்தால் சண்டை வந்திருக்கும்.

மூன்று பேரும் சேர்ந்து ஏற்றினார்கள். 'டக்.'

"போலாம்" என்றான் கிரேன்.

தகடு முன்பக்கம் கூரைபோல் இறங்கிக் கண்ணை மறைத்தது. தன் கால் கட்டைவிரலைத் தவிர அவனுக்கு வேறெதுவும் தெரியவில்லை. அது அவனுக்குப் பழக்கம்தான். மச்சினனுக்கோ இழந்த உத்தியோகம் திரும்பி வந்த மாதிரி ஆயிற்று. அவன் முன்னால் போய்த் திரும்பி நின்றுகொண்டு, பின்னோக்கி நடந்தபடி கையை ஆட்டினான்.

"வரட்டும், வரட்டும்! லெஃப்ட்ல ஒடிச்சு! படி வருது, படி… வரட்டும்! பெரியவரே ஓரம் போங்க, வண்டி வருது!"

தகட்டின் மேல் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: "எளிய நடை. கனமான பொருட்களைக் கொண்டுவர வேண்டாம்." பாதையிலிருந்த எல்லாரும் அதைப் படித்தார்கள். சுமந்தவனுக்கு மட்டும் தெரியாது. பெரிய பைக்காரப் பெண் படம் எடுத்தாள். கைத்தடிப் பெரியவர், "இப்பதான் புரியுது. விளம்பரம்" என்று எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அருவி வருவதைக் கிரேன் வலது காதால் அறிந்தான். பிறகு கட்டைவிரல் நனைந்தது.

"யோவ்! என்னய்யா இது!"

டாக்டர் நனைந்த அரைக்கால் சட்டையோடு, மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் வழிய, பாறைக்குப் பாறை தாவி வந்தார். "இறக்கு! இறக்கு முதல்ல! உன்னை யாரு இதெல்லாம் தூக்கச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

"நானா?"

"சும்மாடு கட்டிக்கிட்டுப் போன்னீங்களே."

டாக்டர் கண்ணை மூடித் தன் வார்த்தையைத் தானே தேடினார். கண்டுபிடித்ததும் கத்தினார். "சும்மா டூர் மாதிரின்னேன்யா! டூர்! டூர்!"

"டூருன்னா எதைத் தூக்கிட்டுப் போறது சார்?"

காவலரும் மச்சினனும் பலகையை இறக்கினார்கள். கனம் விலகியதும் கிரேன் ஈரப் பாறையில் மடங்கி உட்கார்ந்தான். டாக்டர் கழுத்தைத் தொட்டார். கத்தினான். தலை உச்சியில் கை வைத்தார். கத்தல் குறைந்தது. சும்மாட்டின் மேல் இரண்டு கையையும் வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினார்.

"இப்ப?"

"இப்ப சொகமா இருக்கு சார்."

கையை எடுத்தார். கத்தினான். அழுத்தினார். அடங்கினான்.

"நிமிந்து மேல பாரு, பாக்கலாம்."

"முடியல சார்."

இப்போது டாக்டருக்குத்தான் சிக்கல். கையை எடுக்கவும் முடியவில்லை. அழுத்திக்கொண்டே நிற்கவும் முடியவில்லை. அருவிக்குள்ளிருந்து அவர் மனைவி கூப்பிட்டாள்: "என்னங்க, லீவு நாள்லயும் யாரு தலையையாவது பிடிச்சிக்கிட்டுத்தான் நிக்கணுமா?"

"வரேம்மா, வரேன்" என்றவர் அங்கேயே நின்றார். மச்சினனைப் பார்த்துச் சொன்னார்: "வருஷக்கணக்கா மூட்டைக்குக் கீழயே இருந்த கழுத்து. எலும்பெல்லாம் சுமையோட சேர்ந்து உக்காந்து பழகிடுச்சு. சுமை இல்லாட்டி ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்குது. மேஸ்திரி இல்லாத இடத்துல உங்க ஆளுங்க மாதிரி. இந்தக் கழுத்தால தூக்க முடியாதது ஒண்ணே ஒண்ணுதான்."

"என்ன சார்?"

"அவர் தலை."

"இதுக்குப் பேர் என்ன சார்?"

"புத்தகத்துல பேர் இல்ல. தலைக்கனம் பத்தலைன்னு வெச்சுக்க."

"அது ஊர்ல சிலபேருக்கு நிறைய இருக்கு சார். கொஞ்சம் கேட்டு வாங்கட்டுமா?" என்று மச்சினன் டாக்டரையே பார்த்துக் கேட்டான். டாக்டர் காதில் அருவிச் சத்தம் விழுந்துகொண்டிருந்தது நல்லதாயிற்று.

அவர் கைகளுக்குக் கீழேயிருந்து கிரேன் கேட்டான். "சார், நான் நாளைக்குத் தூக்கலாமா கூடாதா?"

டாக்டர் கையை எடுக்காமலே குனிந்தார். "உண்மையைச் சொல்லட்டுமா? இந்தக் கழுத்து ரொம்ப நாளைக்கு வராது."

"திங்கக்கிழமை வருமா சார்?"

"திங்கக்கிழமை வரும்."

"அது போதும் சார்."

"மேஸ்திரிகிட்ட நான் சொல்லிடறேன். வேலைக்குத் தடையில்ல. ஓய்வுதான் ஆகாது. ஞாயித்துக்கிழமைன்னா ஜாக்கிரதையா இரு."

மச்சினன் சட்டையோடு அருவிக்குள் ஓடி, நின்று, கும்பிட்டு, நனைந்து, திரும்பி வந்தான். அப்புறம்தான் அவனுக்கு ஒன்று உறைத்தது. இன்னும் ஊருக்குத் திரும்ப வேண்டும். வழியில் மாமா விழுந்து கழுத்தை முழுசாக முறித்துக்கொண்டால் நாளைக்குக் காலையில் மூட்டைக்குக் கீழே யார்? சுற்றிலும் பார்த்தான். கல் இருந்தது, மரக்கட்டை இருந்தது. காவலரும் இருந்தார்.

"ஒண்ணும் வெளியே போகக் கூடாது. உள்ளே என்ன வந்துச்சோ அது மட்டும்தான் வெளியே போகலாம்" என்றார் காவலர்.

"சர்க்கரை கடையில இருக்கு. போர்டு இங்க இருக்கப் போகுது. வேற என்ன சார் வந்துச்சு உள்ளே?"

காவலர் அவனை மேலும் கீழும் அளந்தார். டாக்டரும் அளந்தார். அவருக்குக் கை மரத்துப் போயிருந்தது.

முதலில் மச்சினன் மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்தான். பிரயோசனமில்லை, கனம் கழுத்தின் மேல் நேராக இறங்க வேண்டும். கடைசியில் டாக்டர் ஒரு பக்கமும் காவலர் ஒரு பக்கமும் தூக்கிவிட, மச்சினன் சும்மாட்டின் மேல் சம்மணம் போட முயன்று, முடியாமல், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான். 'டக்.' கிரேன் அவன் கணுக்கால்களைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"மாமா, கனமா இருக்கேனா?"

"பத்தல. ஆனா பரவால்ல. ஆடாத."

வீட்டு வாசலில் பெண்டாட்டி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தெருமுனையில் முதலில் தம்பியின் தலை தெரிந்தது. வேலிக்கு மேலே, கூரைக்குப் பக்கத்தில், அவன் தலை இருக்கக் கூடாத உயரத்தில். பிறகு கீழே புருஷன். அவள் கையிலிருந்த கரி தரையில் விழுந்தது.

"வரட்டும், வரட்டும்… நிலை இடிக்கும், குனிஞ்சு வரட்டும்… போதும்!" என்றான் மேலிருந்தவன்.

பக்கத்து வீட்டுக்காரி வேலி வழியாக எட்டிப் பார்த்தாள். "என்னடி இது?"

"இதைத்தான் கல்யாணத்தன்னிக்கே சொன்னாங்க. நான்தான் ஒரு பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றாள் அவள். பிறகு தம்பியை நோக்கிக் கரித்துணியை ஓங்கினாள். "பாத்துக்கடான்னு அனுப்பினா மேல ஏறிக்கிட்டா வர்ற? இறங்குடா நாயே!"

"இறக்காத, இறக்காத!" என்று கத்தினான் கிரேன்.

விஷயத்தைச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரமானது. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் அரிசி டின்னை உருட்டிக்கொண்டு வந்தாள். தம்பியை இறக்கிவிட்டு, கத்தல் தொடங்குவதற்குள் டின்னைச் சும்மாட்டில் வைத்தாள். புருஷன் சுவரில் முதுகைச் சாய்த்து நேராக உட்கார்ந்தான். தட்டைக் குனிந்து பார்க்க முடியாதவன் என்பதால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் தட்டை வைத்துச் சோறு போட்டாள்.

"நாளைக்கு?"

"சிமெண்ட். ரெண்டு லாரி."

"அப்ப சரி." அவள் எதிரில் உட்கார்ந்தாள். இந்த ஊருக்கு வாழ வந்த நாளிலிருந்து சமையல், தண்ணீர், துணி என்று அவளுக்கும் அந்தப் பக்கம் போக நேரம் வாய்த்ததில்லை. "அருவி எப்படிங்க இருந்துச்சு?"

கிரேன் ஒரு வாய் மென்று விழுங்கினான்.

"ஈரமா இருந்துச்சு."

"அது கீழ. மேல?"

"மேல யாரு பாத்தா?" என்றான் அவன். டின் ஆடாமல் அடுத்த கவளத்தை எடுத்தான்.